பழைய வண்டியும் புதிய கதவும்

கடந்த தவக்காலத்தில் வீடு சந்திக்கச் சென்றபோது, ஓசூர்த் தொழிற்பேட்டையின் கடைசிச் சுற்றுச்சுவரைத் தாண்டி, கேழ்வரகு வயல்கள் தொடங்கும் இடத்தில் உள்ள ஒரு வீட்டில் சற்று நீண்ட நேரம் தங்க நேர்ந்தது. கருநாடக எல்லை அங்கிருந்து நடந்தே போய்விடும் தொலைவு. வீட்டிற்குள் தமிழ், வேலிக்கு அப்பால் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம் என்று வாழப் பழகிய குடும்பம். வீட்டுத் தலைவர் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் 36 ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். செபித்து, தீர்த்தம் தெளித்து, காப்பி அருந்தி எழுந்தபோது அவர், "சாமி, பின்னாடி கொட்டகையிலயும் கொஞ்சம் தீர்த்தம் தெளிச்சிடுங்க" என்றார்.

கொட்டகையில் ஒரு கார் நின்றது. சரியாகச் சொன்னால், ஒரு காலத்தில் காராக இருந்து, மீண்டும் காராவதற்குக் காத்துக்கொண்டிருந்த ஒன்று நின்றது. சக்கரங்கள் இல்லை, நான்கு இரும்புத் தாங்கிகளின் மீது அடிச்சட்டம் அமர்ந்திருந்தது. உடல் முழுவதும் செம்மண் நிறப் பிரைமர். வலப்பக்கக் கதவு பொருத்தப்பட்டிருந்தது. இடப்பக்கக் கதவு பாயின்மேல் படுத்துக் கிடந்தது. அதற்கு நேர் எதிரே, சுவரில் அடித்த ஆணியில், துருப்பிடித்துக் கீழ்ப்பாகம் சல்லடையாகிப்போன இன்னொரு இடப்பக்கக் கதவு தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்தக் கதவை மாட்டுறதுக்கு முன்னாடி உங்களை ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் சாமி. இது இன்னும் எங்க அப்பா வண்டிதானா? ஆமான்னு நான் எழுதிக் கையெழுத்துப் போட்டா அது பொய்யாயிடுமா?"

அடுத்த வீட்டில் நமக்காகக் காத்திருந்தார்கள். "உங்கள் தந்தையின் வண்டிதான், இதில் ஐயமென்ன?" என்று சொல்லித் தீர்த்தத்தைத் தெளித்துவிட்டுப் புறப்பட்டோம். அவர் தலையை அசைத்தார். ஆனால் விடை கிடைத்த முகமாக அது தோன்றவில்லை. ஆலயம் திரும்பிய பிறகுதான், அவர் கேட்டவை இரண்டு கேள்விகள் என்பதும், நாம் ஒன்றற்கு மட்டும், அதுவும் யோசியாமல், விடை சொல்லிவிட்டோம் என்பதும் உறைத்தது. அதன்பின் பலமுறை அந்தக் கொட்டகைக்குச் சென்று வந்தோம். இக்கட்டுரை அந்த அவசர விடைக்கான திருத்தம் என்று வாசகர்கள் கொள்ளலாம்.

வண்டியின் பெயர் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு அதன் முகம் நினைவிருக்கும். அறுபதுகளில் நம் நாட்டுச் சாலைகளில் ஓடிய கார்கள் பெரும்பாலும் மூன்றே வகை: அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. முதலது வங்காளத்தில் பிறந்தது, இரண்டாவது பம்பாயில், மூன்றாவது நம் சென்னையை அடுத்த வண்டலூரில். 1961-இல் தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் அது அங்கே உருவாயிற்று. நமது நண்பரின் தந்தையார் கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருந்தவர். 1965-ஆம் ஆண்டு வண்டியொன்றை 1974-இல் பழையதாக வாங்கினார். மண்டிக்கும் கோவிலுக்கும் பெங்களூருக்கும் அதுவே போய்வந்தது. 1992-இல் நின்றது, நின்ற இடத்திலேயே துருவேறிற்று.

இந்த ஹெரால்டுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. நமது கேள்விக்கு அது மிக நெருக்கமானது. அம்பாசடரிலும் பியட்டிலும் உடலே எலும்புக்கூடு. தகடுகளை வெல்டு செய்து ஒரே கூடாக ஆக்கியிருப்பார்கள். ஹெரால்டு அப்படியன்று. கீழே தனியாக ஓர் இரும்பு அடிச்சட்டம். அதன்மேல் முன்னுடல், பின்னுடல், கதவுகள், படிக்கட்டுத் தகடுகள், டிக்கி, பானெட் என்று துண்டு துண்டாகப் போல்ட்டு போட்டு இணைத்த உடல். இதற்குக் காரணம் அழகுணர்ச்சி அன்று, நெருக்கடி. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் நிறுவனத்திற்கு உடல் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற ஆலையை 1953-இல் போட்டி நிறுவனமாகிய பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடலைச் செய்து தர ஆளில்லாமல் போகவே, பல இடங்களில் சிறு சிறு பாகங்களாகச் செய்து ஒன்றுசேர்க்கத்தக்க வண்டியாகவே அதை வகுத்தார்கள். இத்தாலியரான மிக்கெலாட்டி உருவம் வரைந்தார். 1959-இல் வண்டி அங்கே வெளிவந்தது. பிரித்துச் சேர்க்க எளிது என்பது அதன் பெருமை. சேர்த்த இடங்களில் இடைவெளி ஒன்றுபோல் அமையாது என்பது அதன் தீராத குறை.

அந்த இடைவெளிதான் நம் நண்பரின் ஓராண்டை விழுங்கிற்று. டூல் ரூமில் அவர் அச்சுகள் செய்தவர். ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கை விரல்நுனியால் உணரக்கூடியவர். கதவுக்கும் உடலுக்கும் நடுவே சுற்றிலும் 4 மில்லிமீட்டர் இடைவெளி வரவேண்டும் என்று வைத்துக்கொண்டார். அளவுகோலாக 4 மில்லிமீட்டர் டிரில் பிட் ஒன்றின் தண்டைப் பயன்படுத்தினார். மேலே பிட் நுழையவில்லை. கீழே இரண்டு பிட் நுழைந்தது. கீலைத் தளர்த்தி நகர்த்தினார். கதவின் விளிம்பைச் சுத்தியலால் தட்டினார். அரத்தால் ராவினார். ஒருபக்கம் சரியானால் மறுபக்கம் கெட்டது.

பிழை கதவில் இல்லை. உடல் அடிச்சட்டத்தின்மேல் அமரும் இடங்களில் ரப்பர்ப் பட்டைகள் இருக்கும். அவற்றுள் நடுவில் இருந்தவை காலத்தால் நசுங்கி, உடலின் நடுப்பகுதி சற்றே தாழ்ந்திருந்தது. நடு தாழ்ந்தால் கதவு வாசலின் மேல்வாய் சுருங்கும், கீழ்வாய் விரியும். கதவின் மேல்முனையிலிருந்து மூன்றடி தள்ளி, தரைக்கு அருகில், கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் 2 மில்லிமீட்டர் தகடொன்றைச் செருகியதும் மேல் இடைவெளி திறந்தது. ஆனால் அதற்குள் கதவின் விளிம்பை அவர் ராவிவிட்டிருந்தார். குற்றமில்லாத கதவு அது. ராவிய இடத்தில் மீண்டும் உலோகம் வைத்து வளர்க்க இரண்டு வாரம் ஆயிற்று. இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. பங்குப் பேரவைக் கூட்டங்களில் நாம் எத்தனை முறை கண்முன் உராயும் கதவையே ராவியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டோம்.

அதன்பின் முறையாகத் தொடங்கினார். முதலில் அடிச்சட்டத்தை மட்டம் பார்த்தார். மூலைக்கு மூலை குறுக்காக அளந்து இரு அளவுகளும் ஒத்திருக்கின்றனவா என்று சோதித்தார். துருப்பிடித்த படிக்கட்டுத் தகடுகளை வெட்டுமுன் கதவு வாசலின் குறுக்கே இரும்புப் பட்டை ஒன்றைத் தற்காலிகமாக வெல்டு செய்தார். இல்லையேல் வெட்டிய கணமே உடல் மடிந்து வாசல் தன் அளவை மறந்துவிடும். எல்லாப் பாகங்களையும் மாட்டி முடிக்கும்வரை எந்தப் போல்ட்டையும் இறுக்கவில்லை. கதவு ஓரத்து ரப்பர்ப் பீடிங்கையும் அப்போதே வைத்துப் பார்த்தார். அதை மறந்தவர்களின் கதவு, வண்ணம் பூசிய பிறகு, அரை அங்குலம் வெளியே துருத்தி நிற்குமாம். பிறகு எல்லாவற்றையும் கழற்றிப் பூச்சுக்கு அனுப்ப வேண்டும்; பூச்சுக்குப் பின் மறுபடியும் முதலிலிருந்து.

"டூல் ரூம்ல டேட்டம்னு ஒண்ணு இருக்கும் சாமி. அது அசையாது. எல்லா அளவும் அங்கேருந்துதான். இதுல அது கிடையாது. ஒண்ணைப் பார்த்து இன்னொண்ணு, அதைப் பார்த்து மத்தொண்ணு" என்றார். பானெட்டைப் பற்றி அவர் சொன்னதும் மறக்கவில்லை. ஹெரால்டில் இரு மட்கார்டுகளோடும் சேர்ந்து வண்டியின் முகம் முழுவதுமே முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். அதைக் கடைசியாகத்தான் பொருத்த முடியும். ஆகவே மற்றப் பாகங்கள் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்த பிழைகள் அனைத்தும் வந்து சேருமிடம் அதுதான். பெரிய குடும்பங்களில் கடைக்குட்டிகள் சிலரை நாம் அப்படிப் பார்த்திருக்கிறோம்.

இனி அவருடைய கேள்விக்கு வருவோம். தகடுகள் பல மீட்க முடியாதவையாக இருந்தன. சேலம் பக்கத்துக் காயலான் கடையொன்றில், ஆவணங்கள் ஏதுமற்ற இன்னொரு ஹெரால்டின் உடல் கிடைத்தது. அதிலிருந்து இடப்பக்கக் கதவையும் பானெட்டின் முன்பாதியையும் எடுத்துக்கொண்டார். படிக்கட்டுத் தகடுகளையும் தளத்தின் பாதியையும் தாமே புதுத் தகட்டில் வளைத்துச் செய்தார். கடைக்காரர் இதைவிட எளிய வழியொன்றைக் காட்டினாராம்: "எதுக்கு ரெண்டு வருஷம் கஷ்டப்படறீங்க? உங்க சட்டத்து மேல இந்த உடம்பை முழுசா தூக்கி வைங்க. உங்க பழைய வண்டியோட நம்பர் தகட்டைக் கழட்டி இதுல ரிவிட் அடிச்சிடுங்க. யாருக்குத் தெரியும்?" ஹெரால்டுக்கு ஓரிரு நாளில் இதைச் செய்துவிடலாம், அதன் பிறவிக்குணம் அப்படி. நண்பர் செய்யவில்லை. ஏன் என்று கேட்டோம். "அப்ப அது எங்க அப்பா வண்டி இல்லையே" என்றார். அப்படியானால் கதவும் பானெட்டும் தளமும் மாறிய இது மட்டும் எப்படி? எத்தனைப் பாகம் வரை அப்பா, எதிலிருந்து காயலான் கடை? இதுதான் அவரைக் குடைந்தது.

கேள்வி பழையது. ஏதென்சு மக்கள் தெசேயுவின் கப்பலைப் பாதுகாத்தபோது, மட்கிய பலகைகளை ஒவ்வொன்றாக அகற்றிப் புதியன பொருத்தினர் என்றும், அது அதே கப்பல்தானா என்று மெய்யியலார் இரு பிரிவாகி வாதிட்டனர் என்றும் புளுட்டார்க் எழுதியிருக்கிறார். 17-ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ் அதில் ஒரு முள்ளைச் செருகினார்: கழித்த பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து, அதே ஒழுங்கில் பூட்டி இன்னொரு கப்பல் செய்தால், இரண்டில் எது தெசேயுவின் கப்பல்? குருமடத்தில் இப்பாடத்தை மதிய உணவுக்குப் பிந்தைய வகுப்பில் அரைத்தூக்கத்தில் கேட்டிருக்கிறோம். கொட்டகைச் சுவரில் தொங்கிய அந்தத் துருக்கதவைப் பார்த்தபோதுதான் ஹாப்ஸ் விழித்துக்கொண்டார்.

திருச்சபையின் ஆசிரியர்களுக்கும் இக்கேள்வி புதிதன்று. ஏனெனில் உயிர்த்தெழும் உடல் இதே உடல்தானா என்று அவர்கள் கேட்க வேண்டியிருந்தது. உருக்கி மீண்டும் வார்க்கப்படும் சிலையின் உவமையைப் புனித அகுஸ்தீன் எடுத்துக்கொள்கிறார்: முன்பு கையிலிருந்த உலோகம் மீண்டும் கைக்கே வரவேண்டும் என்பதில்லை, முழுமை திரும்பினால் போதும் என்பது அவர் கருத்து. புனித அக்குவினாசு தோமா நெருப்பை நினைக்கிறார். விறகு எரிந்து தீரத்தீரப் புதிய விறகு சேர்க்கப்படுகிறது. அடுப்பு அணையாதவரை நெருப்பு ஒன்றே. பொருள் மாறினும் அமைப்பும் தொடர்ச்சியும் அறாதிருந்தால் ஒன்றே என்று நாம் இவற்றிலிருந்து கொள்ளலாம். ஆனால் நெருப்புக்கு யாரும் விலை பேசுவதில்லை. அதற்காக யாரும் கையெழுத்திடுவதுமில்லை.

நமக்கு இன்னும் அண்மையில் ஓர் உவமை உண்டு. அதில் நம் பிழையும் உண்டு. நாம் முன்பு பணியாற்றிய சிற்றூர்ப் பங்கில் புனிதரின் மரத்தேர் ஒன்று இருந்தது. தலைமுறை தலைமுறையாகத் தச்சர்கள் ஓராண்டு அச்சையும், ஓராண்டு சக்கரத்தையும், ஓராண்டு பலகையையும் மாற்றி வந்திருந்தார்கள். தொடக்கத்து மரத்தில் எவ்வளவு எஞ்சியிருந்தது என்று சொல்லக்கூடியவர் எவருமில்லை; அது வேறு தேர் என்று சொன்னவரும் எவருமில்லை. நாம் பங்கேற்ற இரண்டாம் ஆண்டில், பாதுகாப்பையும் வசதியையும் எண்ணி, மேற்பாகத்து மரச்சிற்பங்கள் அத்தனையையும் அப்படியே வைத்துக்கொண்டு, கீழே இரும்பு அச்சும் ரப்பர் டயரும் பொருத்தினோம். திருவிழாவன்று பத்துப் பேர் தள்ள, தேர் வழுக்கிக்கொண்டு போயிற்று. வடம் பிடிக்க வந்த பெரியவர்கள் ஓரமாக நின்றுவிட்டார்கள். "சாமி, இது நம்ம தேர் இல்லைங்க" என்றார் ஒருவர். கண்ணுக்குத் தெரிந்த மரம் முழுவதும் பழையதுதான். மாறியது, ஊரே சேர்ந்து இழுத்தால்தான் நகரும் என்ற அந்த ஒன்று. எல்லாம் மாறியும் அதே தேராக இருந்தது, பெரும்பாலும் மாறாமலே வேறு தேராயிற்று. மாறாத பாகங்களை எண்ணிக் கூட்டி இக்கேள்விக்கு விடை காண முடியாது என்று அன்று நாம் கற்றிருக்க வேண்டும்.

வண்டியைப் பற்றியே நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்கு ஒன்றும் உண்டு. 1929, 1930 ஆகிய ஈராண்டுகளிலும் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் வென்ற பென்ட்லி காரொன்று 'ஓல்டு நம்பர் ஒன்' எனப் புகழ்பெற்றது. பின்னர் அது பலமுறை பிரிக்கப்பட்டு மீண்டும் கட்டப்பட்டது. 1932-இல் ஓட்டியவரின் உயிரைப் பறித்த விபத்துக்குப்பின் அதன் உடலே மாறிற்று. பல்லாண்டுகள் கழித்து அதன் உரிமையாளர் ஏறத்தாழ ஒரு கோடி பவுனுக்கு அதை விற்க ஒப்பந்தம் செய்தார். வாங்க இருந்தவர்கள், இதில் பழையது ஏறக்குறைய எதுவுமே இல்லை, இது அந்த வண்டியன்று என்று பின்வாங்கினார்கள். 1990-இல் இலண்டனில் நீதிபதி ஒட்டன் தீர்ப்பளித்தார். பந்தயத்தில் வென்ற நாளில் இருந்த அதே வண்டி என்று இதைச் சொல்ல முடியாது என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். ஆயினும் அன்று தொட்டு இன்றுவரை அறாத ஒரே வரலாறு இதற்கு உண்டு. அப்பெயருக்கு உரிமை கோரத்தக்க வேறு வண்டி எங்கும் இல்லை. எனவே அப்பெயர் இதற்கே உரியது என்றார். வாங்கியவர்கள் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று.

இத்தீர்ப்பை நண்பருக்குச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. "அப்ப நான் கையெழுத்துப் போடலாம்" என்றார். போடக்கூடாது என்று சொல்ல வேண்டிய நிலைக்கு நாம் வந்திருந்தோம்.

கையெழுத்து எதில் என்பதை வாசகருக்கு இன்னும் சொல்லவில்லை. நண்பருக்குப் பெங்களூரில் ஒரு தம்பி. தந்தை இறந்து மண்டியை விற்றுப் பங்கு பிரித்தபோது ஏற்பட்ட மனக்கசப்பில், சகோதரர்கள் பதினோராண்டுகளாகத் துக்க வீடுகளில் மட்டுமே சந்தித்துக்கொள்பவர்கள். பிரிக்கப்படாமல் எஞ்சிய ஒரே சொத்து இந்த வண்டி. தம்பி ஒரு வாடிக்கையாளரைப் பிடித்திருந்தார், நல்ல விலை. ஆனால் 'உடல் முழுவதும் அசல்' என்று உரிமையாளர் எழுதித் தரவேண்டும் என்பது நிபந்தனை. பழம்பெரும் வண்டிகளுக்கு மதிப்புக் கூடியதற்குச் சட்டமும் ஒரு காரணம். 2021 சூலையில் நடுவண் அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு 'விஏ' என்ற எழுத்துகளைக் கொண்ட தனிப் பதிவெண் வழங்க வழி செய்தது. வண்டி அதன் மூல உருவில் பேணப்பட்டிருக்க வேண்டும், அடிச்சட்டத்திலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் நிகழ்ந்திருக்கக் கூடாது என்பது விதி. துருவேறிய தகட்டின் இடத்தில் அதே உருவில் புதுத் தகடு வைப்பது மாற்றமா, பேணலா? நம் தீர்ப்புக்கு உரியதன்று அது. செய்ததை உள்ளபடி சொல்லிவிட்டால் அதிகாரி முடிவு செய்வார். வாடிக்கையாளரின் தாளோ வேறு.

இது தந்தையின் வண்டிதான் என்று இன்றும் நம்புகிறோம். அந்த விடையில் மாற்றமில்லை. ஆனால் அந்த உண்மையை இந்தத் தாளுக்குக் கொண்டுவர முடியாது. மகன் 'அதே வண்டியா' என்று கேட்பது ஒன்று. வாங்குபவர் 'அசலா' என்று கேட்பது மற்றொன்று. வாங்குபவர் கேட்பது மிகத் தெளிவு: 1965-இல் வண்டலூரிலிருந்து இந்தத் தகடு இந்த வண்டியோடுதான் வந்ததா? அதற்கு விடை, இல்லை. 'அசல்' என்று எழுதி, 'தெசேயுவின் கப்பல் பொருளில்' என்று மனத்திற்குள் சேர்த்துக்கொள்ளலாமே என்றால், அந்தத் தந்திரத்திற்கும் வயது உண்டு. வாயால் பாதியைச் சொல்லி மீதியை மனத்தில் ஒளித்துவைத்தால் பொய்யாகாது என்று ஒரு காலத்தில் அறநெறி ஆசிரியர் சிலரே கற்பித்தார்கள். 1679-இல் திருத்தந்தை பதினோராம் இன்னோசென்ட் அதைக் கண்டித்துத் தள்ளினார். சொல், கேட்பவரின் காதில் என்ன பொருளாக விழும் என்று தெரிந்துகொண்டே அதைச் சொல்கிறோமோ, அந்தப் பொருளுக்கு நாம் பொறுப்பு.

"அப்ப பட்டி வைக்கிறதும் பொய்தானே சாமி? வெல்டை மறைக்கத்தானே பட்டி?" என்று கேட்டார். நல்ல கேள்வி. சட்டையின் தையலை உட்பக்கம் திருப்பித் தைப்பதை யாரும் பொய் என்பதில்லை. அக்காலக் கார்த் தொழிற்சாலைகளே மூட்டுகளில் ஈயத்தை உருக்கி நிரப்பி, வழவழப்பாக்கித்தான் வண்ணம் பூசின. ஆனால் தகடே இல்லாத ஓட்டையில் அட்டையைத் திணித்து, அரை அங்குலப் பட்டியால் கதவு செய்வதும் நடக்கிறது. அதற்காகத்தான் விவரமறிந்தவர்கள் சட்டைப் பையில் காந்தம் வைத்துக்கொண்டு வண்டி வாங்கப் போகிறார்கள். முன்னது செய்த வேலையை ஒழுங்காக முடிப்பது. பின்னது செய்யாத வேலையைச் செய்ததாகக் காட்டுவது. எல்லை எங்கே என்று மில்லிமீட்டரில் கேட்டால் நம்மிடம் விடையில்லை. வேலை செய்கிறவர் கைக்குப் பெரும்பாலும் தெரியும்.

இங்கே வேறொரு வழியும் இருந்தது. பழைய வண்டிகளுக்கான அனைத்துலகக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டுள்ள டூரின் சாசனம், மாற்றப்பட்ட பாகங்களில் கண்ணை உறுத்தாத, ஆனால் அழியாத அடையாளம் இடவேண்டும் என்கிறது. டூல் ரூம்காரருக்கு இது உடனே பிடித்துப்போயிற்று. நம்பர் பஞ்ச் எடுத்து, தாம் செய்த தளத்தின் அடியிலும் படிக்கட்டுத் தகடுகளின் உட்புறத்திலும் ஆண்டைப் பொறித்தார். வந்த கதவிலும் பானெட்டிலும் வேறொரு குறி. எது எங்கிருந்து வந்தது என்று ஒரு முழுப்பட்டியல் எழுதினார். 23 வரிகள்.

ஆனால் பட்டியல் எழுதியதும் சிக்கல் தீரவில்லை, முறுகிற்று. "இதைக் காட்டினா விலை பாதியாயிடும். எனக்குப் பரவாயில்லை. தம்பிக்குப் பங்கு குறையும். நான் வேணும்னே கெடுத்தேன்னு சொல்வான்." உண்மை பேசுவதன் விலையை நாமே கொடுப்பது ஒன்று, பிறரைக் கொடுக்கவைப்பது இன்னொன்று. பீடத்திலிருந்து உண்மையைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டாவதை நாம் பொதுவாகத் தொடுவதில்லை. நமக்கும் தயக்கம் வந்தது. முடிவில், பட்டியல் முதலில் போய்ச் சேரவேண்டியது வாடிக்கையாளரிடம் அன்று, தம்பியிடம் என்று மட்டும் சொன்னோம். தம் பங்கில் பாதி குறையப்போகிறவருக்கு, அது ஏன் குறைகிறது என்று அறிய முதல் உரிமை உண்டு.

அனுப்பினார். மூன்று வாரம் பதிலில்லை. பிறகு தொலைபேசியில் ஒரே வாக்கியம்: "அப்பா வண்டி எங்கே இருக்கு? நீ வச்சிருக்கறது காயலான் கடை வண்டி." அன்று மாலை நண்பர் கொட்டகையைப் பூட்டிவிட்டதாக அவர் மனைவி வந்து சொன்னார். நாம் கொடுத்த ஆலோசனை இவ்வாறு முடிந்ததே என்று சில நாள் நமக்கும் உறக்கம் பிடிக்கவில்லை.

தம்பி வந்தது பாஸ்கா முடிந்து பத்து நாள் கழித்து, முன்னறிவிப்பின்றி. நாம் அன்று அங்கே இருந்தது தற்செயல். கையில் அந்த 23 வரிப் பட்டியல். சட்டைப் பையில், நாம் நினைத்தது போலவே, ஒரு காந்தம். அண்ணனிடம் பேசாமல், வரிவரியாகப் படித்து, ஒவ்வோர் இடத்தையும் குனிந்து பார்த்தார். காந்தத்தை வைத்துப் பார்த்தார். அரைமணி நேரம். பட்டியலில் இல்லாத மாற்றம் ஒன்றும் கிடைக்கவில்லை. வலப்பக்கக் கதவின் மேல்முனையில், ராவி வளர்த்த அந்த இடத்தில், விரலை வைத்து நின்றார். "இது என்ன?" "அது என் தப்பு. 19-ஆவது வரி" என்றார் அண்ணன்.

பிறகு சுவரில் தொங்கிய பழைய கதவிடம் போனார். ஹெரால்டின் பின்னிருக்கைக்குப் போகப் பிள்ளைகள் ஏறுவது அந்த இடப்பக்கக் கதவு வழியாகத்தான். உட்புறத்தில், கைப்பிடிக்குக் கீழே, ஆணியால் கீறிய இரண்டு எழுத்துகள் இருந்தன. நாம் அதுவரை கவனித்திருக்கவில்லை. இருவரும் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை.

அந்த வாடிக்கையாளர் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பாதிக்கும் குறைவான விலை சொன்னாராம். விற்பதா வேண்டாமா என்று சகோதரர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை, பேசிக்கொண்டிருக்கிறார்கள். புதிய கதவு மாட்டப்பட்டுவிட்டது. சுற்றிலும் 4 மில்லிமீட்டர். பானெட் மட்டும் இடப்பக்கம் இன்னும் சற்று உயர்ந்து நிற்கிறது. பழைய கதவை அன்று மாலையே தம்பி கேட்டார். அண்ணன் ஆணியிலிருந்து கழற்றி, கோணிப்பையில் சுற்றி, அவருடைய காரின் மேலே கயிறு போட்டுக் கட்டினார். ஒரு முடிச்சை இவர் போட, மறுமுடிச்சை அவர் போட்டார். அத்திப்பள்ளிச் சோதனைச்சாவடியில் என்ன என்று கேட்டால் என்ன சொல்வாய் என்று அண்ணன் கேட்டார். "கதவுன்னு சொல்றேன்" என்றார் தம்பி.